பிடுங்கி நட்ட நாற்று

(லெந்து நாட்களில், பூந்தமல்லியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நிலையில்லாத உலகில் விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி? இதுதான் இன்று எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. இதைப் பேச நான் அயல்தேசம் போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம்.

1639ஆம் ஆண்டு. கடற்கரையோரம் ஒரு மணல்திட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். இன்றைய சென்னை அந்த மணலில்தான் முளைத்தது. கொடுத்தது யார்? தாமர்லா நாயக்கர் குடும்பம். அண்ணன் வேங்கடாத்ரி இருந்தது வந்தவாசியில். தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது எங்கே? இதே பூந்தமல்லியில். அவர்களுடைய தகப்பனார் சென்னப்பர் பெயரில்தான் சென்னப்பட்டினம் வந்தது. ஒரு மாநகரத்துக்குப் பெயர் வைத்த வீடு இந்த ஊரில் இருந்தது! இன்று பஸ் நிலையத்தில் நின்று, ஐயப்ப நாயக்கர் வீடு எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கேட்கிற உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கொடுத்தவர் போனார். வாங்கிய கம்பெனியும் போனது. கம்பெனிக்குப் பின்னால் வந்த ராணியின் ஆட்சியும் போனது. இந்த ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்கிற மல்லிகைத் தோட்டங்கள் எங்கே? செம்பரம்பாக்கத்து ஏரித் தண்ணீரில் விளைந்த வயல்களில் எத்தனை மிச்சம்? இந்தக் கூட்டத்தில் அறுபது தாண்டியவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போன பூந்தமல்லியா இது? சாலையின் நடுவே மெட்ரோ தூண்கள் எழும்பி நிற்கின்றன. பழைய கடைத்தெருவைத் தேடினால் நமக்கே வழி தப்புகிறது.

இது தெரியாத சமுதாயமா நம்முடையது? திருவள்ளுவர் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். வேதாகமத்தில் பிரசங்கி என்றொரு புத்தகம் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதைத் திறந்தவுடன் ‘மாயை’ என்ற சொல் நம் முகத்தில் அறைகிறது. அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கிற சொல் ‘ஹெவெல்’. அதற்கு நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. மார்கழிக் காலையில் வாயைத் திறந்தால் வெளியே தெரிந்து, அடுத்த நொடி காணாமல் போகிறதே, அந்த வெண்மூச்சு. இன்னொன்று கவனியுங்கள். ஆதியாகமத்தில் முதன்முதலாகச் செத்தவன் யார்? ஆபேல். அவனுடைய பெயரும் எபிரெயத்தில் இதே ‘ஹெவெல்’தான். முதல் சாவுக்கே மூச்சு என்று பெயர் வைத்திருக்கிறது வேதம்.

ஆகவே உலகம் நிலையில்லாதது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. என் கேள்வி வேறு. நிலையில்லாத உலகில் ‘நிலைத்திரு’ என்று ஆண்டவர் சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம்?

யோவான் சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சச்செடியையும் கொடியையும் பற்றிப் பேசும்போது, நிலைத்திருங்கள், நிலைத்திருங்கள் என்று இயேசு திரும்பத் திரும்பச் சொல்கிறார். எப்போது சொல்கிறார்? பிடிபடப் போகிற அந்த இரவில். யாரிடம் சொல்கிறார்? இன்னும் சில மணி நேரத்தில் திசைக்கொருவராக ஓடப் போகிறவர்களிடம்! ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சொன்னார். நெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லப் போகிற பேதுருவிடமும்தான் சொன்னார்.

அப்படியானால், நிலைத்திருப்பது என்றால் பாறை மாதிரி அசையாமல் நிற்பதா? அப்படி நின்ற சீஷன் ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். பன்னிருவரில் ஒருவனும் அப்படி நிற்கவில்லை. ஆனால் பேதுரு திரும்பி வந்தான். நிலைத்திருத்தல் என்பதில் பாதிக்கு மேல் திரும்பி வருதல் என்று நான் நம்புகிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதுதான். அதைச் சொல்ல, உங்களை இந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகவே கிழக்கே அழைத்துப் போகப் போகிறேன்.

நகரத்துக்குள் அந்தச் சாலைக்கு இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர். கீழ்ப்பாக்கம் தாண்டினால் புரசைவாக்கம், வேப்பேரி. புரசைவாக்கத்தில் பப்ரிசியுஸ் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. உங்களில் சிலருடைய பேரப்பிள்ளைகள் அங்கே படித்திருக்கலாம். யார் இந்தப் பப்ரிசியுஸ்?

யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1711இல் ஜெர்மனியில் பிறந்தவர். சட்டம் படிக்கத் தொடங்கி, அதை விட்டு ஹாலே நகரத்தில் இறையியல் படித்தவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். 1742 முடிகிற சமயத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். 1791இல் இங்கேயே கண்ணை மூடினார், எண்பது வயதில். சுமார் நாற்பத்தெட்டு வருஷம் சென்னையில் ஊழியம். இப்படிச் சொல்லிவிட்டால் ஏதோ அமைதியான வாழ்க்கை போலத் தோன்றுகிறது அல்லவா? நாற்பத்தெட்டு வருஷம் ஒரே ஊரில்! இதைவிட நிலையானது என்ன இருக்க முடியும்?

கேளுங்கள்.

வந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் லபூர்தொன்னே தலைமையில் கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்தார்கள். கோட்டை வீழ்ந்தது. கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் வீடுகள் இடிக்கப்பட்டன. முப்பத்தைந்து வயது மிஷனெரி, தம்மோடிருந்த சபையாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே பழவேற்காட்டுக்குப் போனார். அது டச்சுக்காரர்களின் ஊர். ஐரோப்பாவில் எங்கோ நடந்த பேச்சுவார்த்தையில் சென்னையை ஆங்கிலேயருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. 1749இல் ஊர் கைமாறியது. பப்ரிசியுஸ் திரும்பி வந்தார்.

1752இல் வேப்பேரியில் ஒரு கோயிலும் இடமும் அவருடைய மிஷனுக்குக் கிடைத்தன. எப்படிக் கிடைத்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலைக் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்கு ஏறுகிற படிகளைக் கட்டியவர். கத்தோலிக்கர் ஜெபித்துவந்த கோயில் அது. போருக்குப் பிறகு அதிகாரத்தில் இருந்தவர்கள் அதை எடுத்து இவர்களிடம் கொடுத்தார்கள். ஒருவர் கண்ணீரோடு இழந்த இடத்தில் இன்னொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக் குடியேறினார். சபைச் சரித்திரத்தில் இப்படிப்பட்ட பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஆறு வருஷம் போனது. 1758 டிசம்பர். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. லாலி என்கிற பிரெஞ்சுத் தளபதி பெரும்படையோடு வந்து சென்னையை முற்றுகையிட்டான். கோட்டைக்கு மதில் இருந்தது. வேப்பேரிக்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. மிஷன் வளாகம் கொள்ளை போனது. பப்ரிசியுஸுக்கு வயது நாற்பத்தேழு. மறுபடியும் பிள்ளைகளையும் சபையாரையும் கூட்டிக்கொண்டு அதே வடக்குப் பாதை, அதே பழவேற்காடு. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் போனான். பப்ரிசியுஸ் மறுபடியும் திரும்பி வந்தார்.

இரண்டு தரம் ஓடினார். இரண்டு தரமும் திரும்பினார். இதில் எந்தப் பாதியை விசுவாசம் என்பீர்கள்? ஓடினவனுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லக்கூடிய போதகர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதையும் நான் விசுவாசம் என்றுதான் சொல்வேன்.

அவருக்கு அடைக்கலம் கொடுத்த பழவேற்காட்டைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஏரியோரம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூட்டைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவனே, உனக்கும் இதுதான் என்று சொல்லுகிற மாதிரி. அவர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர்மண்டிக் கிடக்கிற மேடு. உலக வாணிபத்தைக் கையில் வைத்திருந்த துறைமுகம் இன்று மீன்பிடிக்கிற ஊர். ஓடிப்போய் ஒளிந்துகொண்ட அடைக்கலமும் நிலைக்கவில்லை, பாருங்கள்.

1761 ஜனவரியில் காட்சி திரும்பியது. இந்தத் தடவை வீழ்ந்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. அங்கே ஆங்கிலேயப் படைக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. சென்னையில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் யார்? வேப்பேரி மிஷனெரிமார்தான். அரசாங்கத்தின் வேலை வந்தால் அதையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. எவன் வந்து கொள்ளையடித்தானோ, அவனுடைய அச்சுக்கூடம் கொள்ளை போன வீட்டுக்கே வந்து சேர்ந்தது!

உடனே ‘பார்த்தீர்களா, தேவன் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்’ என்று பிரசங்கம் பண்ணத் தோன்றும். அவசரப்படாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

அந்த அச்சுக்கூடத்தில் அவர் செய்த வேலை என்ன? சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொண்டுவந்தது 1715இல். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரையில் வந்து அவர் கண்மூடினார். சூல்ச் ஐயர் மீதியை முடித்தார். பப்ரிசியுஸ் அதை எல்லாம் முதலிலிருந்து மறுபடி பார்த்தார். கிரேக்க மூலத்தையும் எபிரெய மூலத்தையும் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக எடைபோட்டார். எழுதியதைத் தமிழரிடம் வாசித்துக் காட்டினார். படித்தவர் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது, படிக்காதவர் கேட்டால் விழிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று மேடையில் பேசுகிற எனக்குக் கொஞ்சம் தெரியும். புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாகி வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று. பழைய ஏற்பாட்டு வேலையை முதுமையிலும் கைவிடவில்லை. முற்றுகையும் கொள்ளையும் ஓட்டமும் நடுவில் வந்து வந்து போயின. ஒவ்வொரு தரமும் விட்ட வாக்கியத்தில் வந்து உட்கார்ந்தார்.

நம் பாட்டன் பூட்டன் நாற்று நட்டதை நினைத்துப் பாருங்கள். இந்த ஊரைச் சுற்றி நெல் விளைந்த காலத்து ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். நாற்றங்காலில் சௌக்கியமாக வளர்கிற பயிரை என்ன செய்கிறோம்? பிடுங்குகிறோம். வேரோடு பிடுங்கி, முடி கட்டி, சேற்றில் கொண்டுபோய் வேறிடத்தில் நடுகிறோம். முதல் சில நாள் பார்த்தால் செத்த பயிர் மாதிரி இருக்கும். மஞ்சளடித்துத் தலை சாய்ந்து நிற்கும். பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பச்சை பிடித்திருக்கும். பிடுங்காத நாற்று நாற்றங்காலிலேயே நெருக்கியடித்து வீணாகும்.

பப்ரிசியுஸைப் பழவேற்காட்டிலும் வேப்பேரியிலும் மாற்றி மாற்றி நட்ட நாற்றாக நான் பார்க்கிறேன். இந்த உவமையில் இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வருத்தமான அத்தியாயத்தைச் சொல்லியாக வேண்டும்.

பப்ரிசியுஸ் ஜெயிலுக்குப் போனார். விசுவாசத்துக்காகப் போகவில்லை. கடனுக்காகப் போனார்.

பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை அவர் வட்டிக்குக் கொடுத்து வாங்கும் பொறுப்பில் இறங்கினார். மிஷனுக்கு வருமானம் வரும், நல்ல காரியங்களுக்கு உதவும் என்ற எண்ணம். பணம் தப்பான கைகளுக்குப் போனது. திரும்பவில்லை. கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். 1770களின் கடைசியிலிருந்து அந்தத் தொல்லை அவர் கழுத்தில் சுருக்காக விழுந்தது. வேதத்தைத் தமிழில் தந்த கிழவர் கடன்காரராகச் சிறையில் உட்கார்ந்திருந்தார்.

இதை நான் மூடி மறைக்கவும் மாட்டேன், சப்பைக்கட்டு கட்டவும் மாட்டேன். அவர் செய்தது தவறு. பணக் காரியத்தில் சூதுவாது தெரியாதவர் என்று சொல்லலாம். ஆனால் நம்பிக் கொடுத்தவர்களுக்கு நஷ்டம் நஷ்டம்தானே? ஊழியத்தின் பேரில் பணத்தைக் கையாளுகிற யாவருக்கும் இந்தக் கதையைத் தெரியப்படுத்த வேண்டும் என்றே விரும்புகிறேன்.

ஆனாலும், அன்பானவர்களே, அவர் வாழ்க்கையில் என்னை அதிகமாகத் தொடுகிற காலம் இதுதான். வீடு போனால் திரும்பி வரலாம், ஊர் போனாலும் திரும்பி வரலாம். பெயர் போனவன் எங்கே திரும்புவான்? எந்தப் பழவேற்காடு அவனைச் சேர்த்துக்கொள்ளும்?

அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அகராதி போட்டார். பிரைத்தாவுப்ட் என்கிற உடன் ஊழியரோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது. சுமார் ஒன்பதாயிரம் சொற்கள். அடுத்த வருஷமே ஹைதர் அலியின் குதிரைப்படை இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் கொளுத்திக்கொண்டு வந்தது. ஜனங்கள் கோட்டைக்குள் ஓடினார்கள். பின்னாலேயே பஞ்சம். 1782இல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய கஞ்சித்தொட்டியின் பெயர், ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்தில் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு 1786இல் அந்த அகராதியின் ஆங்கிலம்-தமிழ்ப் பாகம் வெளிவந்தது. எழுபத்தைந்து வயது. கையில் காசில்லை, ஊரில் மரியாதையில்லை. சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

1788இல் கெரிக்கே என்கிற மிஷனெரி நாகப்பட்டினத்திலிருந்து வந்து சென்னைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கிழவர் இனி நிர்வாகம் பண்ண முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது அந்த நாற்றுக்குத் திரும்பி வருகிறேன். நாற்று தன்னைத்தானே நட்டுக்கொள்வதில்லை. பிடுங்குகிறதும் ஒரு கை, நடுகிறதும் ஒரு கை. வயலில் குனிந்து நின்ற பெண்களின் கைகளைக் கேளுங்கள், சொல்லும். ‘நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று நாம் சாட்சி சொல்கிறோமே, அந்தச் சாட்சியில் பாதி நம்முடையது இல்லை. பேதுரு தானாகவா திரும்பினான்? விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தாரே! பெயர் போன கிழவர் பப்ரிசியுஸுக்கு ஒரு கெரிக்கே வந்தார். திரும்ப வழி தெரியாதவனிடத்தில் ஆண்டவர் ஆளனுப்புகிறார். அந்த ஆளாக நீங்களும் நானும் போகாததினால் இந்த ஊரில் எத்தனை பேர் ஆலயத்தின் வாசல்படி ஏறக் கூசிக்கொண்டிருக்கிறார்கள்? தொழில் நொடித்தவர்கள், கடனில் முழுகினவர்கள், மகளோ மகனோ செய்ததற்காகத் தலைகுனிந்து நடக்கிறவர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை எந்த இடம் காலியாக இருந்தது என்று யோசித்துப் பார்த்தீர்களா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய தமிழ் வேதத்தில் ‘பொறுமை’ என்று வருகிற பல இடங்களில் கிரேக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. ‘ஹுப்பொமொனே’. பாரத்தின் கீழே தரித்து நிற்றல் என்று அதைப் பிரிக்கலாம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் அதை ‘மனவுறுதி’ என்று போட்டார்கள். நல்ல மாற்றம். ஏன் தெரியுமா? இந்தப் ‘பொறுமை’ என்ற சொல்லைக் கொண்டு எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறோம்! அடிக்கிற புருஷனிடம் பொறுமையாயிரு, ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். தாய்மார்களே, வேதத்தின் பொறுமை அதுவல்ல. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போக வேண்டிய நேரமும் உண்டு. போகிறவளுக்குக் கதவைத் திறந்துவைப்பது சபையின் கடமை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். விசுவாசித்தால் வீடு நிலைக்கும், வேலை நிலைக்கும், வியாதி அண்டாது என்று சுவரொட்டி ஒட்டிக் கூட்டம் சேர்க்கிறார்கள். வீடும் பணமும் பெயரும் போன பப்ரிசியுஸை அந்தக் கூட்டத்தில் எந்த வரிசையில் உட்காரவைப்பார்கள்? இழப்பே வராது என்று வாக்குக் கொடுக்கிற விசுவாசம் முதல் இழப்பிலேயே செத்துப்போகும். எத்தனை வாலிபர்களை அப்படிப் பறிகொடுத்தோம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஆண்டவரை விடவில்லை. ஆண்டவர் பெயரில் எழுதிக்கொடுத்த பொய்ப் பத்திரத்தைத்தான் கிழித்துப் போட்டார்கள்.

சரி. பப்ரிசியுஸின் வேதமாவது நிலைத்ததா? அவர் கடவுளைப் ‘பராபரன்’ என்று எழுதினார். அவருக்கு முன் சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பிற்பாடு ரேனியுஸ் ஐயர் புது மொழிபெயர்ப்போடு வந்தார், பிறகு 1871இல் பவர் ஐயர் குழுவின் திருப்புதல் வந்தது. ‘தேவன்’ நிலைத்தது. 1995இல் ‘கடவுள்’ வந்தார். லுத்தரன் சபையார் வெகுகாலம் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பை விடமாட்டோம் என்று கையில் வைத்திருந்தார்கள். இன்று நம் மேசையில் இருப்பது பவர் ஐயருடையது. நாற்பது வருஷம் எடைபோட்ட வாக்கியங்கள் வேறு வாக்கியங்களுக்கு வழிவிட்டன. அவர் தொகுத்த அகராதி மட்டும், பிறர் கைகளால் திருத்தப்பட்டும் விரிக்கப்பட்டும், தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து 1972 வரைக்கும் புதுப் பதிப்பு கண்டது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் யாரும் அதைப் புரட்டலாம். கடனில் கிடந்த காலத்து வேலை அது!

இந்த ஊர் பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்ல் புத்தகத்தை வாசிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? விரலால் தடவித் தடவி வாசிக்க வாசிக்க, மேடிட்ட புள்ளிகள் தேய்ந்து தட்டையாகும். வாசிப்பதே அந்தப் புத்தகத்தைக் கரைக்கிறது. அதற்காக யாராவது அதை வாசிக்காமல் பெட்டியில் பூட்டிவைப்பார்களா? தேய்ந்த பிறகு இன்னொருவர் உட்கார்ந்து புள்ளி குத்தித் தருவார். பப்ரிசியுஸின் தமிழும் நம் பாட்டன்மார் விரல் பட்டுத் தேய்ந்த தமிழ்தான். நாம் செய்வது நிலைக்கும் என்பதற்காகவா நாம் செய்கிறோம்? ஆண்டவர் கேட்டார், ஜனங்களுக்கு வேண்டியிருந்தது. அதனால் செய்கிறோம்.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. சொல்லலாமா வேண்டாமா என்று வருகிற வழியெல்லாம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. என் தாயார் அப்போது அனகாபுத்தூர் பக்கம், ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். எழுபத்தொன்பது வயது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பையன்கள் இரண்டு பேர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்து நாள் கழித்து நான் போனபோது சுவரில் என் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பீரோ கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன். ஊறிப் பருத்து, களிமண் உருண்டை மாதிரி இருந்தது.

நம் வீடுகளில் பெரிய வேதாகமத்தின் முதல் பக்கங்களில் குடும்பத்துப் பெயர்களை எழுதி வைப்போம் அல்லவா? இன்ன தேதியில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், கர்த்தருக்குள் நித்திரை. என் தாத்தா தொடங்கி வைத்த பக்கங்கள் அவை. கட்டைப் பேனா, நீல மை. திறந்தால் பக்கம் முழுக்க நீலம். ஓர் எழுத்து இல்லை.

அம்மா அழவில்லை. பல நாள் ஒன்றும் பேசவும் இல்லை. ஜெபம் பண்ணலாம் என்றால், “நீ பண்ணு” என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை. அறுபது வருஷத்தில் அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் போனது. புது வருஷ ஆராதனையும் போனது. மாதர் சங்கத்து அம்மாமார் நாலு பேர் ஒருநாள் சாயங்காலம் வந்தார்கள். வசனம் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை. கறுத்துப் போன பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுவாரமும் வந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு புது வேதாகமம் வாங்கிட்டு வா, பெரிய எழுத்து” என்றார். வாங்கி வந்தேன். பால்பாயின்ட் பேனா கேட்டார். “மை வேணாம், தண்ணி பட்டா போயிடும்.” சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாத்தா பெயரிலிருந்து தொடங்கினார். பெரியப்பாமார், அத்தைமார், என் அப்பா. எனக்கு முன் பிறந்து எட்டே நாளில் போன அண்ணன் ஒருவன் உண்டு, அவனுக்கும் தேதி எழுதினார். நாள், கிழமை, எந்த ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது வரை ஞாபகம் வைத்திருந்தார். இரண்டு சாயங்காலம் எழுதினார்.

இரண்டாம் நாள் முடிவில் ஒரு வரியில் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். அது அவருடைய பெயர். பிறந்த தேதி அந்த நீலப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. “யாருக்குத் தெரியும், எங்கம்மா இருந்தா சொல்லுவா” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டு, அதற்குக் கீழே என் பெயரை எழுதத் தொடங்கினார்.